ஜிம்னிக்கு அடித்தகடு: தோட்டப் பாதையில் அடி தட்டுகிறது, எதைப் போடுவது?

களத்துமேடு:

வணக்கம். மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி, மேனுவல். 2023 கடைசியில் எடுத்தது. 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் முக்கால்வாசி வத்தலக்குண்டுக்கும் தாண்டிக்குடிக்கும் ஏறி இறங்கியதுதான். மிச்சம் எங்கள் தோட்டப் பாதை. தலைவலி அந்த மிச்சத்தில் இருக்கிறது.

மங்களங்கொம்பு போகும் வழியில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் காப்பிக் களம் வரை இரண்டேகால் கிலோமீட்டர் மண்பாதை. அப்பா காலத்தில் கமான் பட்டை ஜீப் ஒன்று இதே பாதையில் இருபது வருடம் ஓடியது. அதற்கு அடியில் எதுவும் போட்டதில்லை, எதுவும் உடைந்ததுமில்லை. அப்போது பாதையும் இப்படி இல்லை. இப்போது டிராக்டர் சக்கரம் இரண்டு பக்கமும் தோண்டத் தோண்ட நடுமேடு வருடா வருடம் வளர்கிறது. அதில் புல்லும், புல்லுக்குள் ஒளிந்த கல்லும்.

போன ஐப்பசி மழையில் பின்சீட்டில் மூன்று பேர், பின்னால் இரண்டு மூட்டை உரம். மூன்றாவது வளைவு தாண்டியதும் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். வண்டி ஒரு நொடி நின்று, ஏதோ யோசித்த மாதிரி, பிறகு நகர்ந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் முட்டி போட்டு, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். புதுசாக வெள்ளையாக ஒரு கீறல். எதன் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. ஆயில் ஒழுகவில்லை. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் இல்லை. இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப் உடைந்து இன்ஜின் போனால் அந்த இடத்திலிருந்து வண்டியை மேலே இழுத்து வரவே ஒரு நாள் ஆகும்.

இரண்டு வழி கையில் இருக்கிறது. ஆன்லைனில் அலுமினியத் தகடு, 4 மி.மீ., சம்புக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, பின்னால் ஒன்று என மூன்று துண்டு. விலை கொஞ்சம் கடிக்கிறது. இல்லையென்றால் வத்தலக்குண்டில் தெரிந்த லேத் பட்டறை, 3 மி.மீ. இரும்பில் அளவெடுத்துச் செய்து தருகிறேன் என்கிறார், விலை அதில் பாதிகூட இல்லை. கார்த்திகையில் பழம் பறிப்பு ஆரம்பித்துவிடும், அதற்குள் போட வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆடலூர் ஜீப்:

அண்ணே, 6 மி.மீ. இரும்பு பிளேட்டை அடியில் முழுசா வெல்டு அடிச்சு விட்டுருங்க. கல்லுதான் உடையும். நம்ம ஜீப்பு எட்டு வருசமா அப்படித்தான் ஓடுது.

கோத்தகிரி பச்சை:

களத்துமேடு சார், மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மி.மீ. இரும்பு ஒரு சதுர மீட்டர் 47 கிலோ. ஒரு தகடு 60 க்கு 70 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் 20 கிலோ. மூன்று துண்டு போட்டால் 60 கிலோ. ஒரு ஆளை நிரந்தரமாக வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போவது மாதிரி. ஜிம்னியின் மொத்த எடை வரம்பே 1,545 கிலோ, வெறும் வண்டி 1,200 கிலோவை ஒட்டி. ஆளும் உரமும் ஏற்றினால் என்ன மிஞ்சும்? போதாததற்கு வெல்டு வேறு. அப்புறம் கிளட்ச் வேலை வந்தால் கட்டர் வைத்துத்தான் திறக்க வேண்டும்.

நானும் அதே ஐந்து கதவு வண்டிதான். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம். தகடு போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. போட்டபோது நான் செய்த பெரிய தப்பு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எது அடி வாங்குகிறது என்று பார்க்காமலே வாங்கினேன். எல்லோரையும் போல எனக்கும் சம்ப் பயம். சம்புக்குத்தான் முதலில் போட்டேன். ஆறு மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் அந்தத் தகட்டில் ஒரு கீறல் கிடையாது.

காரணம் இதுதான். கம்பெனி சொல்லும் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் சம்புக்குக் கீழே அளந்தது இல்லை. இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் கட்டை ஆக்சில், அதில் உருண்டையாகத் தொங்குகிறதே டிஃபரன்ஷியல் (டிஃப்) ஹவுசிங், சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரக் கூடு, அதுதான் ஆகத் தாழ்ந்த இடம். சம்ப் முன் ஆக்சிலுக்குப் பின்னால், மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் நடுமேட்டுக் கல் முதலில் டிஃபில்தான் முட்டும். சேஸிஸில் மாட்டும் தகடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் டிஃபைக் காப்பாற்றாது. சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற சாமான் அது. அதற்கென்று ஹவுசிங்கிலேயே மாட்டும் சின்னக் கவசம் தனியாகக் கிடைக்கிறது.

இன்னொன்று, மழைத் தண்ணீரைத் திருப்பிவிட எஸ்டேட் பாதையில் குறுக்கே மேடு போட்டிருப்பார்களே, அங்கே கதை வேறு. முன் சக்கரம் ஏறி இறங்கியதும் வண்டியின் நடு வயிறு உட்காரும். மூன்று கதவு ஜிம்னிக்கு வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத் தூரம், 2,250 மி.மீ., நடுவில் 28 டிகிரி மேடுவரை தாண்டும். நம் ஐந்து கதவுக்கு 2,590, அதாவது ஒரு அடிக்கு மேல் நீளம். அதனால் 24 டிகிரிதான். அந்த இடத்தில் அடி வாங்குவது டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டி. நீளவாக்கு மேடா, குறுக்கு மேடா என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் எதை வாங்க வேண்டும் என்பதே.

அதனால் காசு கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். காப்பிக்கு நோய் வராமல் போர்டோ கலவை அடிக்க வாங்கிய சுண்ணாம்பு வீட்டில் இருக்கும். கெட்டியாகக் கரைத்து டிஃப், சம்ப் விளிம்பு, டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் ஷாக் அடியில் பிடிக்கும் பிராக்கெட் எல்லாவற்றிலும் பூசுங்கள். காய்ந்ததும் வழக்கமான சுமையோடு ஒரு தடவை போய் வந்து படுத்துப் பாருங்கள். எங்கே வெள்ளை அழிந்திருக்கிறதோ அங்கேதான் உங்களுக்குத் தகடு.

அப்புறம் புல். இதை யாரும் சொல்வதில்லை. தகட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் சேறும் புல்லும் போய் அடைந்துகொள்ளும். மழைக்காலத்தில் அது ஈரச் சேறு, துரு பிடிக்கும், அவ்வளவுதான். மாசி, பங்குனியில் அதே புல் காய்ந்து சைலன்சர் பைப்புக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் பக்கத்தில் கிடக்கும். எனக்கு ஒரு நாள் கருகல் வாசனை வந்தது. பிரேக் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் தகட்டுக்கு மேலே ஒரு கைப்பிடி புல் புகைந்துகொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலில் அணைத்தேன். மலையே காய்ந்து கிடக்கிற மாதத்தில் அது பற்றியிருந்தால் என் வண்டியோடு முடிந்திருக்காது. அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை ஹோஸ் வைத்து மேலிருந்து அடித்துக் கழுவுகிறேன். கழுவ வழி இல்லாத தகட்டை வாங்கவே வாங்காதீர்கள்.

திண்டுக்கல் பட்டறை:

கோத்தகிரிக்காரர் சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அலுமினிய வார்ப்பு. பூசினால் அன்றைக்கே நன்றாகக் கழுவிவிடுங்கள். சாக்பீஸை நனைத்துத் தேய்த்தாலே போதும், என்னைக் கேட்டால். படுத்துக்கொண்டு பூசும்போது கண்ணில் சொட்டினால் அது வேறு வம்பு.

இனி தகடு. நான் பதினாறு வருடமாகத் தகடு வளைக்கிற ஆள். இரும்பா அலுமினியமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: வளையாமல் நிற்கும் பலத்துக்கு 3 மி.மீ. இரும்பும் நாலே கால் மி.மீ. அலுமினியமும் கிட்டத்தட்ட ஒன்று. எடையில் அலுமினியம் பாதிதான். ஆனால் கல் மேல் ஏறும்போது இரும்பு வழுக்கும், அலுமினியம் கல்லைக் கவ்வும். உங்கள் பாதையில் உரசி உரசிப் போக வேண்டி இருந்தால் இரும்பு நல்லது. எப்போதாவது ஒரு 'டங்' என்றால் அலுமினியம் போதும்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் என்ன ரகம் என்று கேளுங்கள். 5052 என்றால் வளைவு சுத்தமாக வரும். 6061-டி6 கடினமானது, அதை இறுக்கமாக மடித்தால் மடிப்பில் முடி போல விரிசல் விடும். படத்தில் தெரியாது. கையில் வந்ததும் மடிப்பை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். அலுமினியத் தகட்டை இரும்பு போல்டில் மாட்டும்போது நடுவில் நைலான் வாஷர் வையுங்கள். உங்கள் மலை ஈரத்துக்கு இரண்டு உலோகமும் நேராகத் தொட்டால் இரண்டு மழையில் போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவாகப் பூத்துவிடும்.

லேத்தில் செய்தால் மூன்று விஷயம் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். முன் விளிம்பு மேல்நோக்கி மடிந்திருக்க வேண்டும். நேராக விட்டால் மண்வெட்டி மாதிரி மண்ணில் குத்தி நிற்கும். போல்ட் தலை தகட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். வெளியே நீட்டினால் முதல் கல்லிலேயே தலை தேய்ந்து, பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. ஆயில் இறக்கும் நட்டுக்கு நேரே கை போகும் அளவு ஓட்டை வேண்டும். இல்லையென்றால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் ஆயில் மாற்றத் தகட்டைக் கழற்றுவார்கள். கழற்றுகிற பையன் திரும்ப மாட்டும்போது இரண்டு போல்ட்டை மேசையிலேயே விட்டுவிடுவான். இது சாபம் இல்லை, என் பட்டறைக்கு இதே மாதிரி வந்த வண்டிகள் ஏராளம்.

சேஸிஸில் ஓட்டை போட விடாதீர்கள், வெல்டு வைக்க விடாதீர்கள். கம்பெனியே விட்டிருக்கும் நட் துளைகள் இருக்கின்றன, பிராக்கெட் அதில் பிடித்தால் போதும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ரப்பர் மேல் தொங்குகிறது, ஆடும். தகட்டை அதோடு கட்டக்கூடாது, சேஸிஸோடுதான் கட்ட வேண்டும். நடுவில் ஒரு விரல் தடிமன் இடைவெளியாவது விடுங்கள்.

பண்ணைக்காடு பையன்:

அண்ணா, குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். இதோடு முன் பம்பருக்கும் ஒரு இரும்பு கார்டு போட்டுக்கொள்ளலாமா? எங்கள் பக்கம் காட்டுமாடு ராத்திரியில் ரோட்டிலேயே நிற்கிறது.

திண்டுக்கல் பட்டறை:

வேண்டாம் தம்பி. பம்பர் கார்டு கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ரோட்டில் நடந்து போகிறவன் மேல் பட்டால் அவன் பிழைக்க மாட்டான். மோதும் வேகம் உள்ளே சேஸிஸுக்கு நேராகப் போகும், ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் தப்பலாம். அடித்தகடு வண்டிக்கு அடியில் கிடப்பது, அது வேறு சமாச்சாரம். காட்டுமாட்டுக்கு மருந்து முப்பது கிலோமீட்டர் வேகம்தான்.

களத்துமேடு:

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணன் எழுதியதைப் படிக்கும் முன்னாலேயே சுண்ணாம்பைப் பூசிவிட்டேன். சாயங்காலமே கழுவியாகிவிட்டது, கவலை வேண்டாம். களத்தில் சிமென்ட் தரை சமமாக இருப்பதால் அங்கேயே வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உள்ளே நகர்ந்தேன். ஜாக்கி தேவைப்படவில்லை. கொப்பரை மாதிரி வாயைத் திறந்து படுத்திருந்ததில் சுண்ணாம்பு ஒரு சொட்டு நாக்கில் விழுந்தது. வெற்றிலை இல்லாத குறைதான்.

அதே மூன்று பேர், அதே இரண்டு மூட்டை. போய் வந்து பார்த்தால் சம்பில் பூசியது பூசியபடி, திருநீறு மாதிரி அப்படியே இருக்கிறது. முன் டிஃபின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு சுத்தமாகத் துடைத்து விட்டிருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸின் கீழ் விளிம்பில் இரண்டு விரல் அகலம். ஐப்பசிக் கீறலும் அதே இடம்தான். நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத இடம், பின் ஷாக் பிராக்கெட், வலது பக்கம் மட்டும் அழிந்திருக்கிறது.

டிஃப் நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளித் தொங்குகிறது என்பதையே அன்றுதான் கவனித்தேன். இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன்! கல்லைக் கண்டால் இரண்டு சக்கரத்துக்கும் சரிநடுவில் விட்டால் தப்பிக்கும் என்று நினைத்துப் பழகியிருக்கிறேன். இனி டிஃப் இல்லாத பக்கமாகக் கல்லை விட வேண்டும்.

இன்னொரு சங்கதி. நான் வண்டிக்கு அடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு எங்கள் தோட்டத்தில் முப்பது வருடமாக இருக்கும் பெரியவர் வந்து குந்தினார். விஷயத்தைக் கேட்டார். "வண்டிக்கு இரும்புல கோவணம் கட்டுறதுக்கு, ரெண்டு ஆள விட்டு நடுமேட்ட வெட்டி விட்டா என்ன?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஒரு விளக்கத்துக்கு அப்பா ஜீப்பின் டயர் உயரம், டிராக்டரின் தடம் என்று ஏதோ சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

கோத்தகிரி பச்சை:

பெரியவர் சொன்னது சரிதான். ஆனால் வெட்டுகிற மண்ணைப் பாதை ஓரத்தில் போடாமல் சக்கரத் தடத்தில் போட்டு இடித்து இறுக்கச் சொல்லுங்கள். தடம் ஆழமாகவே இருந்தால் மேட்டை வெட்டியும் பிரயோசனம் இல்லை. குறுக்கு மேட்டை மட்டும் தொடாதீர்கள். அதை எடுத்தால் ஒரே மழையில் பாதையே ஓடை ஆகிவிடும். சரிவை மட்டும் இரண்டு பக்கமும் நீட்டிவிட்டால் போதும், 24 டிகிரிக்குள் வந்துவிடும்.

களத்துமேடு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பாதை வேலை இரண்டு ஆளுக்கு மூன்று நாள். கடப்பாரை, மண்வெட்டி, இடிகட்டை. குறுக்கு மேடுகள் ஐந்தில் மூன்றுக்குச் சரிவை நீட்டிவிட்டோம். மீதி இரண்டும் பாறை மேல் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகவே தகடும் வேண்டும் என்று முடிவாயிற்று.

மூன்று துண்டு செட்டை வாங்கவில்லை. முன் டிஃபுக்கான கவசம் ஒன்று ஆன்லைனில். நடு வயிற்றுக்கு மட்டும் 3 மி.மீ. இரும்புத் தகடு வத்தலக்குண்டு லேத்தில். உரசி உரசித்தான் போக வேண்டும் என்பதால் இரும்பு. பட்டறை அண்ணன் சொன்னதை அப்படியே எழுதி எடுத்துப் போனேன். லேத்காரருக்கு முகம் சுருங்கியது. ஆனால் முன் விளிம்பை அழகாக மடித்துக் கொடுத்தார். வடிகிற மாதிரி ஆறு நீளத் துளை. எடை 10 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பின் ஷாக் பிராக்கெட்டுக்கு இப்போதைக்கு ஒன்றும் போடவில்லை, அந்த வளைவில் நான் இடது ஓரமாகப் போனால் தட்டுவதில்லை.

மாட்டும் வேலை ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மதியம் ஒன்றரைக்கு முடிந்தது. இதில் ஒரு மணி நேரம் என் முட்டாள்தனம். முதல் போல்ட்டை உற்சாகத்தில் முழுசாக முறுக்கிவிட்டேன். நாலாவது துளை கால் அங்குலம் தள்ளி நின்றது. துளையைப் பெரிதாக்க அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் உறைத்தது. எல்லாவற்றையும் தளர்த்தி, எட்டு போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, தகட்டைத் தட்டி உட்கார வைத்தால் துளைகள் தானாக நேரே வந்தன. பிறகு எதிரெதிராக முறுக்கினேன். 8.8 ரக போல்ட்; எம்8க்கு 25, எம்10க்கு 45 நியூட்டன் மீட்டர் என்று வைத்தேன். டார்க் ரெஞ்ச் பண்ணைக்காட்டில் இரவல். நடுவில் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் காணாமல் போய், உதவிக்கு வந்த பையனைச் சந்தேகப்பட்டு இரண்டு வார்த்தை கூடப் பேசிவிட்டேன்.

முதல் ஓட்டத்தில் 2,000 ஆர்.பி.எம். பக்கத்தில் டின் டப்பாவை உலுக்கிய மாதிரி ஒரு சத்தம். தகடு சைலன்சர் பைப்பின் பிராக்கெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு போல்ட்டில் கூடுதல் வாஷர் வைத்து 4 மி.மீ. இறக்கினேன், சத்தம் நின்றது. 300 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் திரும்ப முறுக்கிப் பார்த்தேன். இரண்டு போல்ட் மட்டும் கால் சுற்று வாங்கின.

பாறைமேட்டில் இப்போதும் தட்டுகிறது. ஆனால் 'டங்' இல்லை, 'சர்ர்' என்று ஒரு இழுவை, அவ்வளவுதான். பின்சீட்டில் இருப்பவர்கள் பேச்சைக்கூட நிறுத்துவதில்லை.

கோத்தகிரி சார் சொன்னபடி நேற்று ஹோஸ் வைத்து மேலிருந்து அடித்தேன். நீளத் துளை வழியாகச் செம்மண், ஒரு பிடி காப்பித் தோல், மிளகுக் கொத்து ஒன்று, கடைசியில் டிங் என்று சிமென்ட் தரையில் விழுந்தது 13-ஆம் நம்பர் ஸ்பேனர். பையன் பக்கத்தில்தான் நின்றான். நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். டீ வாங்கிக் கொடுத்தேன்.